சம்பவ இடத்தைப் படம்பிடிக்கக் கற்றல்: பட்டப்படிப்பா, ஸ்டூடியோவா, இணையச் சான்றிதழா, வீட்டுப் பயிற்சியா?

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்றும், அந்தப் பணியைக் கைப்பேசியிலோ வேறு மின்னணுக் கருவியிலோ காணொளியாகப் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவாக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 105 ஆம் பிரிவு. இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கையான பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் எழுதி, உள்ளூர் ஸ்டூடியோக்காரரை அழைத்து நாலைந்து படம் எடுக்கச் சொல்லும் பழைய வழக்கம் இனி நெடுநாள் போதாது. ஆகவே இந்தத் தொழிலின் அடிப்படையை எங்கே, எப்படிக் கற்பது என்ற கேள்வி மாணவர்களுக்கும், தொழில் தெரிந்த புகைப்படக்காரர்களுக்கும், காவல் நிலையங்களில் பணியாற்றுவோருக்கும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறது.

நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: தடயவியல் பட்டப்படிப்பு, ஸ்டூடியோவில் தொழில் பழகுவது, இணையவழிக் குறுகியகாலச் சான்றிதழ், வீட்டிலேயே செய்யும் பயிற்சி. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன் எதைக் கற்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அளவுகோல் கையில் இல்லாமல் ஒப்பிடுவோர் பெரும்பாலும் கட்டணத்தையும் சான்றிதழின் அழகையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

சம்பவ இடப் படம் என்பது அந்த இடத்தைப் பார்க்காத ஒருவருக்காக எடுக்கப்படுவது. அந்த ஒருவர் ஆய்வகத்தில் இருக்கும் கைரேகை நிபுணராக இருக்கலாம். மூன்றாண்டு கழித்துக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞராக இருக்கலாம். தீர்ப்பு எழுதும் நீதிபதியாகவும் இருக்கலாம். அவர்கள் அனைவரும் படத்திலிருந்து இரண்டு செய்திகளை எதிர்பார்க்கிறார்கள்: எந்தப் பொருள் எங்கே இருந்தது, அதன் உண்மையான அளவும் வடிவமும் என்ன. இவ்விரண்டுக்காகவே இத்தொழிலில் மூன்று படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. முதலில் தெருப் பெயர்ப்பலகை, கதவிலக்கம், வீட்டின் முகப்பு ஆகியவற்றில் தொடங்கி, அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும்படி முழுக்காட்சிப் படங்கள் எடுக்க வேண்டும். அடுத்து, தடயப் பொருளையும் அசையாத ஓர் அடையாளத்தையும், சான்றாகக் கத்தியையும் நிலைப்படியையும், ஒரே சட்டகத்தில் காட்டும் இடைநிலைப் படம். இறுதியாக அண்மைப் படம். அதையும் அளவுகோல் இல்லாமல் ஒருமுறை, அளவுகோலுடன் ஒருமுறை எடுக்க வேண்டும். அளவுகோல் வைக்காத படம் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. அளவுகோலுக்கு அடியில் ஏதோ மறைக்கப்பட்டது என்று பின்னர் எவரும் சொல்ல இடம் தராமல் இருப்பதற்காகத்தான்.

தொடங்குவோர் தவறவிடுவது பெரும்பாலும் இடைநிலைப் படத்தையே. அறை முழுவதும் தெரியும் படமும் இருக்கும், இரத்தத்துளியை நெருங்கி எடுத்த படமும் இருக்கும். ஆனால் அந்தத் துளி அறையில் எந்தப் பக்கம் இருந்தது என்பதை எந்தப் படமும் சொல்லாது. விலை உயர்ந்த கேமராவும் இந்தக் குறையைச் சரிசெய்யாது.

அளவும் வடிவமும் சரியாக வர வேண்டுமானால் லென்ஸ் தடயத்துக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் செருப்புத் தடத்தின் நீளம் குறைந்து தெரியும். கடிகாயம் போன்றவற்றுக்குப் பயன்படும், அமெரிக்கத் தடயப் பல்மருத்துவ வாரியத்தின் (ஏ.பி.எஃப்.ஓ.) 2 ஆம் எண் அளவுகோல் 'எல்' வடிவில் அமைக்கப்பட்டு வட்டக் குறிகள் இடப்பட்டிருப்பது இதனால்தான். படத்தில் அந்த வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்தால் கேமரா சாய்ந்திருந்தது என்று பொருள். இவற்றோடு பிளாஷை விரும்பிய திசையிலிருந்து செலுத்தும் திறன், லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை எஃப் 8 அல்லது எஃப் 11 அளவில் வைத்து முன்னும் பின்னும் தெளிவாக வரச் செய்யும் பழக்கம், ஒவ்வொரு படத்தையும் வரிசை எண்ணுடன் குறிப்பேட்டில் பதியும் ஒழுக்கம், எந்தப் படத்தையும் அழிக்காத உறுதி ஆகியவையும் சேர வேண்டும். நடுவில் ஒரு கோப்பு எண் விடுபட்டிருந்தால், அந்தப் படத்தில் என்ன இருந்தது என்ற கேள்விக்குக் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும். நன்றாக வராத படமும் கோப்பில் இருந்தே ஆக வேண்டும்.

இந்தத் திறன்களை அளவீடாக வைத்துக்கொண்டு முதலில் பட்டப்படிப்பைப் பார்ப்போம். 2009 இல் குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 2020 இல் தேசியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த காந்திநகர் நிறுவனத்தைத் தவிர, தடயவியலில் இளநிலைப் பட்டம் தரும் கல்லூரிகள் இன்று தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. இந்த வழியின் உண்மையான பலம் கேமராவுக்கு வெளியே இருக்கிறது. இரத்தத் தெறிப்பின் வடிவத்திலிருந்து அது வந்த கோணத்தைக் கணிக்க முடியும் என்று படித்தவர், அந்தத் தெறிப்பை ஏன் செங்குத்தாகப் படமெடுக்க வேண்டும் என்பதை ஒருபோதும் மறக்கமாட்டார். இரத்தம் பட்ட இடத்தில் ஒளிரும் லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்த தரையிலிருந்து எழும் மங்கலான நீல ஒளியை இருட்டில் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைத்துப் பதிவது, ரோடமைன் சாயமிட்ட கைரேகையை நீலப்பச்சை ஒளியிலும் ஆரஞ்சு வடிகட்டியிலும் எடுப்பது, கறுப்புத் துணியில் படிந்த வெடிமருந்துத் துகளை அகச்சிவப்பு ஒளியில் காட்டுவது போன்றவற்றை ஆய்வக வசதி இல்லாமல் கற்கவே முடியாது. வரலாறும் இந்த வழிக்குச் சாட்சி சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் புகைப்பட ஆய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்திய வேதியியலாளர் ருடால்ஃப் ஆர்ச்சிபால்ட் ரைஸ், அங்கே நீதித்துறைப் புகைப்படக்கலையைக் கற்பித்து, 1909 இல் உருவாக்கிய நிறுவனமே தடய அறிவியலுக்கான முதல் பல்கலைக்கழகப் பள்ளியாயிற்று. அறிவியலும் கேமராவும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருந்ததால் பிறந்த பள்ளி அது.

ஆனால் இன்றைய பாடத்திட்டங்கள் பலவற்றில் புகைப்படக்கலை ஒரு தாளாகவோ, ஒரு தாளுக்குள் ஓர் அலகாகவோ சுருங்கிவிடுகிறது. ஐம்பது மாணவர்களுக்கு இரண்டு கேமரா இருந்தால் மூன்றாண்டு முடிவில் ஒருவர் எத்தனை முறை ஷட்டரை அழுத்தியிருப்பார் என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஆகையால் சேர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்பது என் அழுத்தமான பரிந்துரை. மாதிரிச் சம்பவ அறை இருக்கிறதா? எத்தனை பேருக்கு ஒரு கேமரா? கற்பிப்பவர்களில் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்த அனுபவம் உடையவர் எவரேனும் உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராத கல்லூரியில், புகைப்படத்துக்காக மட்டும் சேர்வது வீண். அறிவியலுக்காகச் சேரலாம், கேமராவைத் தனியே கற்க வேண்டியிருக்கும்.

ஸ்டூடியோ வழியைப் படித்தவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அது தவறு. மண்டப வெளிச்சம் நொடிக்கு நொடி மாறும் கல்யாணத்தில் ஒரு பருவம் முழுவதும் உதவியாளராக நின்றவருக்கு, பிளாஷின் தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்ற விதியைப் புத்தகம் கற்பிக்கத் தேவையில்லை. அது கையிலேயே படிந்திருக்கும். நள்ளிரவில் மின்சாரம் இல்லாத தோட்டத்தில் ஒரு கிணற்றடியைப் படமெடுக்க வேண்டிவந்தால், கேமராவை ட்ரைபாடில் பொருத்தி ஷட்டரைத் திறந்துவைத்து, பிளாஷைக் கையில் எடுத்துக்கொண்டு பல இடங்களிலிருந்து ஒளியைப் பாய்ச்சி முழு இடத்தையும் ஒரே படத்தில் கொண்டுவருவதற்கு, பட்டதாரியைவிட இந்த உதவியாளருக்கே துணிவு இருக்கும்.

அவர் மறக்க வேண்டியவையும் அதே அளவுக்கு இருக்கின்றன. அழகுக்காகப் பின்னணியை மங்கவைப்பது, இடையூறாக இருக்கும் நாற்காலியை நகர்த்துவது, ஒரு காட்சிக்குப் பத்துப் படம் எடுத்து ஒன்பதை அழிப்பது, பிற்பாடு நிறத்தைக் கூட்டுவது ஆகிய நான்கும் கல்யாண ஆல்பத்தில் திறமை. சம்பவ இடத்தில் ஒவ்வொன்றும் வழக்கைச் சிதைக்கக் கூடியது. பழக்கம் கையில் இருப்பதால் அதை விடுவது கற்பதைவிடக் கடினம். இதைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. சம்பவ இடத்தில் எடுத்த படத்தின் பிரதி ஸ்டூடியோக் கணினியில் கிடப்பதும், நண்பர்களின் வாட்ஸ்அப்புக்குப் போவதும் நடந்தால், அது இறந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் செய்யும் கொடுமை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72 ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமும்கூட. ஆகவே ஸ்டூடியோவில் பழகுவதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். பிளாஷையும் ட்ரைபாடையும் கற்றுக்கொண்டு, அதற்கு மேல் அங்கே தங்காதீர்கள் என்பதே என் கருத்து.

இணையச் சான்றிதழைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று படி வரிசை, கலைச்சொற்கள், குறிப்பேடு எழுதும் முறை ஆகியவற்றை ஒரு வாரத்தில் அறிய அது உதவும். பெரும்பாலானவற்றில் தேர்வு என்பது நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பதுடன் முடிகிறது. மாணவர் எடுத்த ஒரு படத்தையாவது எவரும் பார்த்துத் திருத்துவதில்லை. உங்கள் படங்களை மூலக் கோப்பாகவே வாங்கி, குறை எழுதித் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருந்தால் மட்டும் பணம் கட்டலாம். சர்வதேச அடையாளச் சங்கம் தடயவியல் புகைப்படக்காரர்களுக்கு வழங்கும் சான்றிதழை இத்தகைய படிப்புகளுடன் சேர்த்து எண்ணக் கூடாது. அது ஏற்கெனவே தொழிலில் இருப்பவரின் திறனைச் சோதிப்பது, தொடக்கநிலை மாணவருக்கு உரியதன்று.

நான்காவது வழியான வீட்டுப் பயிற்சியைப் பலர் பொழுதுபோக்கு என்றே நினைக்கிறார்கள். தொடங்குவோருக்கு நான் முதலிடம் தருவது இதற்கே. தேவையானவை மிகக் குறைவு: பழைய கேமரா ஒன்று, அதற்கு 50 மில்லிமீட்டர் அளவில் ஒரு லென்ஸ், உறுதியான ட்ரைபாட், கேமராவிலிருந்து கழற்றிக் கம்பியாலோ ரிமோட்டாலோ இயக்கத்தக்க பிளாஷ், மில்லிமீட்டர் குறியுள்ள ஆறு அங்குல அளவுகோல் இரண்டு. அளவுகோல் பளபளக்காததாக இருப்பது நல்லது. மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் பின்னால் வரட்டும்.

நம் வீடுகளே நல்ல பயிற்சிக் கூடங்கள். ஒரு தட்டில் கோலமாவைப் பரப்பிச் செருப்புக் காலால் மிதித்து, மேலிருந்து பிளாஷ் அடித்துப் படமெடுத்துப் பாருங்கள். தடம் ஏறக்குறைய மறைந்தே போகும். அறையை இருட்டாக்கி, பிளாஷைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஒரு மீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைத்து அடித்தால் அடிப்பகுதியின் ஒவ்வொரு வரியும் நிழலால் எழுந்து நிற்கும். ஒரு திசையில் மறைந்த வரி மறு திசையில் தெரியும் என்பதால் குறைந்தது மூன்று திசைகளிலிருந்து ஒளியை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். அந்த மூன்று முறையும் கேமரா அசையவே கூடாது. அளவுகோலைத் தடத்தின் விளிம்பில் மேடாக வைக்காமல், தடத்தின் அடிப்பகுதி இருக்கும் ஆழத்துக்கே இறக்கி வைக்க வேண்டும்; இல்லையேல் அளவுகோல் லென்ஸுக்கு நெருங்கி, தடத்தின் அளவு தவறாகக் கணக்காகும். வெண்மாவைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, சற்றுக் கூட்டுவதையும் இங்கேயே பழகலாம். அடுத்து, இதே பயிற்சியைக் கொல்லைப்புற ஈரமண்ணில் செய்யுங்கள்.

பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை மற்றொரு கடினமான ஆசிரியர். அதில் சிந்திய பீட்ரூட் சாறு நேர் ஒளியில் தரையோடு கலந்துவிடும். நிறத்தால் பிரிக்க முடியாததைப் பளபளப்பால் பிரிக்க முடியும்: ஒளியைச் சாய்த்துக்கொண்டே வந்தால் ஈரத்தின் மினுமினுப்பு ஒரு கோணத்தில் தரையிலிருந்து தனியே விலகித் தெரியும். எவர்சில்வர் தம்ளரில் பதிந்த விரல்ரேகை இதற்கு நேர்மாறான சிக்கல். முகப்பவுடரை மென்தூரிகையால் தடவி ரேகையை எழுப்பிய பிறகு நேரே பிளாஷ் அடித்தால், கண்ணைக் கூசும் வெள்ளைப் பட்டை ஒன்று ரேகையின் குறுக்கே விழும். வெள்ளை வேட்டியையோ டிரேசிங் தாளையோ ஒளிக்கும் தம்ளருக்கும் நடுவே திரையாகப் பிடித்தால் அந்தப் பட்டை கரைந்து பரவும். தம்ளர் வளைந்தது என்பதால் ஒரே படத்தில் முழு ரேகையும் தெளிவாக விழாது. தம்ளரைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒன்றையொன்று தொடும் பல படங்களாக எடுக்க வேண்டும். கைரேகையை இயல் அளவில் பதியும்போது ஓர் அங்குலத்துக்கு 1000 பிக்சலாவது வேண்டும் என்பது நிபுணர்கள் ஏற்ற அளவு. 6000க்கு 4000 பிக்சல் தரும் 24 மெகாபிக்சல் கேமராவில் இதன் பொருள், ஒரு படம் அதிகபட்சம் ஆறு அங்குலத்துக்கு நாலங்குலப் பரப்பையே அடக்கலாம் என்பது. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர், இரண்டடி தள்ளி நின்று எடுத்துப் பின்னர் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டார்.

வீட்டுப் பயிற்சியின் பெருங்குறை, தவறைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லாதது. அதற்கு நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. ஓர் அறையில் பத்துப் பொருள்களைச் சிதறவைத்து முறைப்படி படமெடுங்கள். அந்த அறைக்குள் ஒருமுறையும் வராத நண்பரிடம் படங்களை மட்டும் கொடுத்து, அவற்றைக் கொண்டே மாதிரி வரைபடம் வரையச் சொல்லுங்கள். எந்த விளக்கமும் சொல்லாதீர்கள். அவர் வரைந்ததை அறையோடு ஒப்பிட்டால் விடுபட்ட இடைநிலைப் படம் எது, எந்த மூலை பதிவாகவே இல்லை, எந்தப் பொருளின் அளவு தவறாகத் தெரிகிறது என்பதெல்லாம் நிமிடத்தில் வெளிப்படும். பட்டப்படிப்பானாலும் இணையப் படிப்பானாலும், அந்த இடத்தைப் பார்க்காத ஒருவர் உங்கள் படத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு அதில் இருக்கிறதா என்பதே அதை எடைபோட நான் பயன்படுத்தும் கல்.

வீட்டில் கற்க இயலாதவையும் உண்டு. சடலத்தின் அருகே நின்று கை நடுங்காமல் பணிசெய்வது அவற்றுள் ஒன்று. அது அனுபவமுள்ளவரின் துணையோடு மட்டுமே வரும், வராமல் போவதும் வெட்கப்படத்தக்கது அல்ல. மற்றொன்று சட்ட நடைமுறை. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63 ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக அளிக்கும்போது இணைக்க வேண்டிய சான்றிதழுக்கு இரு பகுதிகளை வகுத்து, கோப்பு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்பையும் அதில் குறிக்கச் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதிசெய்திருந்தது. அதே பொறுப்பு இப்போது புதிய சட்டத்தில் தொடர்கிறது. மெமரி கார்டைக் கேமராவிலிருந்து எடுத்தது யார், எப்போது, எதில் பிரதி எடுத்தார் என்பதை எழுதும் பழக்கத்தை வீட்டிலும் தொடங்கலாம். ஆனால் அதன் முழுப் பொருளையும் கற்றுத்தர, நீதிமன்றம் சென்று வந்தவர் ஒருவர் வேண்டும்.

இனி யாருக்கு எது என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அறிவியலில் ஆர்வமுள்ள மாணவர், விண்ணப்பிப்பதற்கு முன் மூன்று மாதம் வீட்டுப் பயிற்சி செய்து வரைபடச் சோதனையில் தேறிப் பார்க்கட்டும். அப்போதும் ஆர்வம் குறையவில்லை என்றால் பட்டப்படிப்பில் சேர்வது தகும், விடுமுறைகளில் ஸ்டூடியோவுக்குப் போகலாம். ஏற்கெனவே கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருப்பவருக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. அளவுகோலும் குறிப்பேடும் வாங்கி, அழிக்காமலும் நகர்த்தாமலும் அழகுபடுத்தாமலும் எடுக்கப் பழகுவதற்கே அவர் தன் நேரம் முழுவதையும் செலவிட வேண்டும்.

காவல் நிலையத்தில் பணியாற்றுபவரின் நிலை வேறு. அவர் கையில் பெரும்பாலும் இருப்பது கைப்பேசி, விரைந்து செல்ல வேண்டியவரும் அவரே. கைப்பேசி தானே பல படங்களை ஒன்றாக்கி, நிழலை ஏற்றி, நிறத்தைத் திருத்தித் தருகிறது. அகலக் கோண லென்ஸ் விளிம்புகளை நீட்டிவிடுகிறது. ஆகவே தானியங்கி அழகூட்டலையும், பல படங்களை ஒன்றாக்கும் எச்.டி.ஆரையும் நிறுத்திவைத்து, முதன்மை லென்ஸில் மட்டும், விரலால் பெரிதாக்காமல், மூன்று படி வரிசையில் எடுக்கப் பழகுவதும், மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இருப்பதும் அவர் கற்க வேண்டிய முதல் பாடம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, எடுத்த நேரமும் கருவியும் பற்றிய விவரங்களை இழந்துதான் மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. முழுக்காட்சிக்கும் இடைநிலைக்கும் கைப்பேசி போதும். செருப்புத் தடத்துக்கும் கைரேகைக்கும் போதாது. அங்கே அவர் செய்யத்தக்கது, தடத்தை எவரும் மிதிக்காமலும் மழை படாமலும் மூடிக் காத்து, கேமராவும் ட்ரைபாடும் பிளாஷும் கொண்ட ஒருவர் வரும்வரை அந்த இடத்தில் நிற்பதுதான்.